மூணு மடங்கு வேகத்துல என் குரல்

"ராஜாமணி கடைசி இலையைப் போட்டாள்." சரி, இது நல்லா வந்திருச்சு. போட்டாள்ங்கிற இடத்துல குரலைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன், இலை மேசையில படியுற மாதிரி. அடுத்தது. "எதிரே உட்கார்ந்திருந்தவன் அவளுடைய தம்பி." இங்க ஒரு மூச்சு விடணும், கேக்குறவங்க நிமிந்து உக்காரணும், அம்மா செத்ததுல இருந்து பேச்சுவார்த்தை இல்லாத தம்பியாச்சே. விட்டேன் பாரு மூச்சு. மறுபடியும் விட்டுட்டேன். அமலி, உனக்கு வெக்கமே இல்லையாடி? நேத்துத்தானே அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னா, நடிக்காதீங்கக்கா, வெறுமனே வாசிங்கன்னு. நிறுத்து. அழி. முதல்ல இருந்து. முதுகுல வியர்வை ஓடுது. இந்த ஸ்டோர் ரூம்ல ஃபேன் கிடையாது, இருந்தாலும் போட முடியாது, ரெக்கார்டிங்ல இரைச்சல் விழும். சுவரோரம் பூரா மெத்தையும் தலையணையும் பழைய கம்பளியும் அடுக்கி வச்சிருக்கிறதால வீட்டுலயே எதிரொலி இல்லாத இடம் இதுதான். அரிசி மூட்டை மேல உக்காந்துக்கிட்டு, மடியில புத்தகம், மெத்தை இடுக்குல போன். வெளியில அவரு தூங்குறாரு. மத்தியானம் இந்த நேரம்தான் பொன்மலை ரயில்வே காலனி கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கும். ஒர்க்‌ஷாப்ல சங்கு ஊதிட்டா அவ்வளவுதான், சைக்கிள், பைக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, மீன்காரரு ஹாரனு. அதுக்குள்ள இந்தக் கடைசி அத்தியாயத்தை முடிச்சாகணும். இன்னைக்கு முடிக்கலேன்னா நாளைக்கு. நாளைக்கு முடிக்கலேன்னா வெள்ளிக்கிழமை வந்துரும். வெள்ளிக்கிழமையைப் பத்தி இப்ப நினைக்காதே. வாசி. "ராஜாமணி கடைசி இலையைப் போட்டாள்." இப்ப என்னமோ ரேஷன் கடையில பேர் கூப்பிடுற மாதிரி இருக்கு.

நான் அவளுக்குப் போன் பண்ணியிருக்கவே கூடாது. பர்வீன்னு பேரு, பாபநாசத்துக்காரி, தஞ்சாவூர்ல ஒரு பேங்க்ல போன் எடுக்கிற வேலை, பிறவியிலயே பார்வை கிடையாது. கண் தெரியாதவங்களுக்குப் புத்தகம் வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுக்கிற குழு ஒண்ணுல நான் பேர் குடுத்திருந்தேன், அவங்கதான் இவளைக் கோத்துவிட்டாங்க. இந்த நாவலை அவளேதான் கேட்டு வாங்கினா. கடைவீதியில மெஸ் நடத்துற ராஜாமணிங்கிற பொம்பளையோட கதை. என் மக வயசு அவளுக்கு, ஆனா அக்கான்னுதான் கூப்பிடுவா, குரல் அப்படி இருக்காம். கேக்க எனக்கும் இனிக்கத்தான் செஞ்சுச்சு. நேத்து சாயங்காலம் ஆசை ஆசையா கேட்டேன், போன அத்தியாயத்துக்கு முந்துன அத்தியாயம் கேட்டியாம்மா, ராஜாமணி அம்மா சாவுற இடம் எப்படி இருந்துச்சுன்னு. அந்த ஒரு பக்கத்துக்கு நான் ஒரு வாரம் உசுரை விட்டிருக்கேன். "பஸ்ல வரும்போதே முடிச்சுட்டேன்க்கா"ன்னா. பஸ்ஸுலயா, அது ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுமேம்மா? "மூணு மடங்கு வேகத்துல விடுவேன்க்கா, எப்பவும் அப்படித்தான்." அப்ப நான் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறதெல்லாம்? "அதைப் போன்ல இருக்கிற ஆப்பே வெட்டிரும்க்கா, சத்தம் இல்லாத இடம் வந்தா தாண்டிப் போயிரும்." சிரிச்சுக்கிட்டே சொல்றா. என்னமோ பீன்ஸ்ல நார் கிள்ளுற மாதிரி. அம்மா செத்ததும் ராஜாமணி ஒண்ணும் பேசாம அடுப்பை மூட்டுறா, அந்த இடத்துல நான் விட்ட மௌனம் இருக்கே, அதுக்காகவே நாலு தடவை பதிவு பண்ணேன், மூணாவது தடவை பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடிச்சுக் கெடுத்துச்சு. அந்த மௌனத்தை ஒரு ஆப்பு வெட்டி எறிஞ்சிருக்கு.

அதோட விட்டாளா? வாயைப் பிடுங்குனது நான்தான். அப்புறம் எப்படித்தான் வாசிக்கணும்கிறேன்னு கேட்டேன். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அழுவுற இடத்துல நீங்க அழுதுடுறீங்க. நான் அழுறதா வேண்டாமான்னு யோசிக்கிறதுக்குள்ள நீங்க அழுது முடிச்சுடுறீங்க." கர்த்தரே. இத்தனை வருஷம் கோயில்ல ரெண்டாம் வாசகம் வாசிக்கிறவ நான். அப்போஸ்தலர் எழுதுன கடுதாசியை எனக்கே தபால்ல வந்த மாதிரி வாசிக்கிறேன்னு பங்குச் சாமியாரு எல்லார் முன்னாலயும் சொன்னாரு. பாட்டுக் குழுவுல இருக்கிற டெய்சி வாசிச்சா கரண்டு பில் வாசிக்கிற மாதிரி இருக்கும், அவளும் எப்படா இந்த அமலோற்பவம் ஒரு ஞாயித்துக்கிழமை படுப்பான்னு காத்துக்கிட்டுத்தான் இருக்கா. இனிமே கிடைக்கும் அவளுக்கு. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்... சீ, அதை நினைக்காதேன்னேன்ல. ஆனா நிஜத்தைச் சொல்லு, கோயில்லயும் யாரு கேக்குறா? முன் பெஞ்சுல பாதி தூக்கம், பின் பெஞ்சுல போனு. வாசகம் முடிஞ்சதும் எல்லாரும் சேந்து இறைவனுக்கு நன்றின்னு சொல்லுவாங்க, ஒழுங்கா வாசிச்சதுக்கு நன்றியா, ஒருவழியா முடிச்சதுக்கு நன்றியான்னு எனக்கே சந்தேகம்தான். இங்க வீட்டுல ஒருத்தரு இருக்காரு, இருதயராஜ், என் வீட்டுக்காரரு, அவரு நாவல் படிக்கிற லட்சணம் ஊருக்கே தெரியும். கடைசிப் பக்கத்தை முதல்ல படிப்பாரு. யாரு சாவுறான்னு தெரிஞ்சுக்கிட்டாத்தான் நிம்மதியாப் படிக்க முடியுதுங்கிறாரு. கல்யாணம் ஆன புதுசுல அதுக்காகவே ஒரு நாள் பூரா அவர்கூடப் பேசாம இருந்தேன். எழுதுனவன் எவ்வளவு பாடுபட்டு ஒளிச்சு வச்சிருப்பான், நீங்க பொசுக்குன்னு போயி எடுத்துட்டா எப்படிங்கன்னு. அவரு, "காசு குடுத்து வாங்குன புஸ்தகம்டி, நான் தலைகீழாக்கூடப் பிடிச்சுப் படிப்பேன்"னாரு. அன்னைக்கு ஆத்திரமா வந்துச்சு. இப்ப யோசிச்சா பர்வீன் சொல்றதும் அதேதானே? அவ புஸ்தகம், அவ காது, அவ வேகம். உனக்கு என்னடி வந்துச்சு? வந்துச்சே. ஏதோ ஒண்ணு சுருக்குன்னு குத்துதே.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டுனாங்க. பட்டாம்பூச்சி மாதிரி இருக்கு தைராய்டு, அதோட ஒரு இறக்கையில கட்டி. கெட்ட கட்டியான்னு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும், வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னாங்க. அது பின்னாடியே நூலு மாதிரி ஒரு நரம்பு போவுதாம், குரலுக்கு உண்டான நரம்பு. எடுக்கும்போது அதைத் தொடாமத்தான் எடுப்போம், பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, சில பேருக்கு மட்டும் குரல் கம்மிப் போயி கரகரன்னு ஆயிரும், கொஞ்ச மாசத்துல திரும்பிரும், ரொம்பச் சில பேருக்குத் திரும்பாம இருக்கிறதும் உண்டுன்னாங்க. இவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "கடைசியில என்ன ஆகும்னு மட்டும் சொல்லிருங்க டாக்டர்"ங்கிறாரு. எனக்கு அழுகையோட சிரிப்பும் வந்துச்சு. கடைசிப் பக்கம் கேக்குறாரு மனுஷன். அது எங்களுக்கே தெரியாதுங்கய்யான்னுட்டாங்க. பாவம், அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல அவருக்கு. கட்டிக்குப் பயப்படுறியா குரலுக்குப் பயப்படுறியான்னு கேட்டாரு. கட்டிக்குன்னேன். பொய். கட்டிக்கும் பயம்தான், இல்லேங்கல, ஆனா நடு ராத்திரியில முழிப்பு வந்தா நினைப்பு அங்க போறதில்ல. எனக்கு ஒரு வினோதமான பழக்கம், வாய்க்குள்ள படிக்க வராது. பேப்பர் படிச்சாலும் உதடு அசையும். உதட்டை மூடிக்கிட்டுப் படிச்சாலும் தொண்டைக்குள்ள ஏதோ ஏறி இறங்கும், கை வச்சுப் பாத்திருக்கேன். இப்பக்கூட. இதோ, விரலுக்கு அடியில, கட்டி ஒரு பக்கம், அந்த அசைவு ஒரு பக்கம். எழுத்தெல்லாம் எனக்குள்ள போறதே இந்த வழியாத்தான். அந்த நரம்பு போயிருச்சுன்னா வெளியில கேக்குற குரல் மட்டும்தான் போகுமா? உள்ள படிக்கிறவளும் போயிருவாளா? இதை டாக்டரம்மாகிட்ட எப்படிக் கேக்குறது? கேட்டா பைத்தியம்னு இன்னொரு டாக்டருக்குச் சீட்டு எழுதிருவாங்க. பிப்ரவரியில கோயில்ல பிளாசியார் திருநாளுக்கு ரெண்டு மெழுகுவத்தியைக் குறுக்க வச்சு தொண்டையை மந்திரிப்பாங்க, இந்த வருஷம் நான் போகல, அன்னைக்குன்னு பார்த்து நாத்தனார் வந்து இறங்குனா. அதுதான் காரணமா? சீ சீ, பிளாசியாருக்கு வேற வேலை இல்லையா. எச்சில் முழுங்குனா சுருக்குங்குது. வாசிடி. நேரம் போகுது.

"அவன் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான். அவள் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் இலையின் மேல் கையை நீட்டி, போதும் என்றான்." இங்கதான் மாட்டுது. முள்ளு சிக்குன மாதிரி இந்த ஒரு வார்த்தையில வந்து மாட்டுது. போதும். எந்தப் போதும்? நேத்து வரைக்கும் எனக்குத் தெளிவாத் தெரியும், தழுதழுத்த போதும், இத்தனை வருஷச் சண்டை போதும்க்கான்னு சொல்ற போதும். அப்படித்தான் கண்ணாடி முன்னாடி நின்னு பழகி வச்சிருந்தேன். நேத்து பர்வீன் பேசுனதுக்கு அப்புறம் வேற வேற போதும் எல்லாம் எட்டிப் பாக்குது. மெஸ்ஸுல எவனும் சொல்ற சாதாரண போதும், வயிறு நிறைஞ்சிருச்சு, மோரு ஊத்துங்கங்கிற போதும். கோவத்துல சொல்ற போதும். அக்கா ஒத்தையா மெஸ்ஸோட மல்லாடுறதைப் பாத்துட்டு அவ மேல இரக்கப்பட்டுச் சொல்ற போதும். எழுதுனவங்க ஒண்ணுமே எழுதல, போதும் என்றான், அவ்வளவுதான். அதைச் சும்மா விட்டிருக்காங்க. நான் எதையாச்சும் ஒண்ணை எடுத்து அடைச்சுட்டா மத்ததெல்லாம் செத்துரும். கண்ணால படிக்கிறவங்களுக்கு அந்த மூணு எழுத்துல எல்லாமே கிடைக்கும், பர்வீனுக்கு மட்டும் அமலோற்பவம் ஊட்டி விட்டது. "சின்னதுல இருந்தே எனக்கு எது பிடிக்கும்னு மத்தவங்கதான்க்கா சொல்லுவாங்க, சுடிதார் கலருல இருந்து. புஸ்தகத்துலயாச்சும் நானே முடிவு பண்ணிக்கிறேனே"ன்னா நேத்து. அதுக்கு நான் என்ன சொன்னேன்? சரிம்மா, குக்கர் வச்சிருக்கேன்னு சொல்லி போனை வச்சுட்டேன். குக்கரும் இல்ல ஒண்ணும் இல்ல. அவளுக்கும் தெரிஞ்சிருக்கும், அடுப்படிச் சத்தமே இல்லாம என்ன குக்கரு.

ஆனா அது என்ன நியாயம்? பொறுமையா உக்காந்து கேக்குறது ஒரு மரியாதை இல்லையா? ஒருத்தர் வீட்டுக்குப் போனா செருப்பைக் கழட்டிட்டுத்தானே உள்ள போறோம், புஸ்தகத்துக்குள்ள மட்டும் ஓடிக்கிட்டே போயி ஓடிக்கிட்டே வெளிய வந்தா அங்க என்ன பாத்திருப்ப நீ? இதை அவகிட்ட நறுக்குன்னு கேட்டிருக்கணும். கேட்டா அவ என்ன சொல்லுவா? நீங்க கண்ணால படிக்கிறப்ப எவ்வளவு வேகம்க்கா, பக்கம் புரட்டுறீங்க, பிடிக்காத இடத்தைத் தாண்டுறீங்க, நான் மட்டும் ஏன் பூசையில உக்காந்திருக்கிற மாதிரி உக்காந்திருக்கணும்பா. சொல்லுவா, சூட்டிகையான பொண்ணு. அப்புறம் இன்னொண்ணு, இப்பத்தான் மண்டையில உறைக்குது, ஏசுவே, நாத்தனார் பிலோமினா தினம் காலையில அனுப்புறாளே வாய்ஸ் மெசேஜு, முழங்கால் வலியில ஆரம்பிச்சு மருமக வச்ச ரசம் வரைக்கும், அதை நான் எப்படிக் கேக்குறேன்? ரெண்டு மடங்கு. கை தானாப் போயி அந்த ரெண்டை அமுக்குது. அவ முழங்கால் வலி எலிக்குஞ்சு கத்துற மாதிரி கேக்கும், நான் பாட்டுக்குக் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருப்பேன். பிலோமினா மட்டும் மனுஷி இல்லையா? அவளும் எங்கயாவது மூச்சு விட்டிருப்பா, நான் கவனிச்சேனா? பெரிய நியாயம் பேச வந்துட்டா. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குடி. என்ன வித்தியாசம்? இது நாவலு. அது முழங்கால். போடி. எனக்கு நிஜமா வலிக்கிறது இது ஒண்ணும் இல்ல. இது என் குரலோட கடைசிப் புஸ்தகமா இருக்கலாம். ஒருவேளை அப்புறம் ஒண்ணும் வராமப் போயிட்டா, அமலோற்பவத்துக்கு இப்படி ஒரு குரல் இருந்துச்சுங்கிறதுக்குச் சாட்சி இந்தப் பொண்ணோட போன்லதான் இருக்கும். அங்கயும் எலிக்குஞ்சாத்தான் ஓடப் போறேன்னா தாங்கல. அதுதான். வேற ஒண்ணும் இல்ல. சொல்லிட்டேன்ல, இப்ப வாசி.

வெறுமனேயே வாசிக்கிறேன். அவ கேட்டபடி. ஏத்தம் இல்லாம, இறக்கம் இல்லாம. "ராஜாமணி கடைசி இலையைப் போட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவன் அவளுடைய தம்பி. தண்ணீர் தெளித்தாள்." அட, தண்ணி தெளிச்சாள்னு ஒரு வரி இருக்கா இங்க? இத்தனை தடவை வாசிச்சும் இதை நான் பாக்கவே இல்லையே. தம்பின்னு சொல்லிட்டு நான் விட்ட பெருமூச்சுல இந்த வரி அடிபட்டுப் போயிருக்கு. பேசாத தம்பி முன்னாடி இலையைப் போட்டுட்டு தண்ணியைத் தெளிக்கிறா, வர்ற எல்லா வாடிக்கைக்கும் செய்யுற மாதிரியே. எனக்குத் தோள்பட்டை எல்லாம் புல்லரிக்குது. நடிக்காம இருந்தா நானும் கேக்குறேன் போல இருக்கு. இவ்வளவு நாளும் நான் வாசிச்சேனா, இல்ல என் குரலையே கேட்டுக்கிட்டு இருந்தேனா? முழுங்கு. தொடரு. "உப்பு வைத்தாள். ஊறுகாய் வைத்தாள். அவனுக்குப் பிடிக்காத கத்தரிக்காயையும் வைத்தாள்." அடிப்பாவி, பிடிக்காததையும் வைக்கிறாளே! ஞாபகம் இல்லாமயா, வேணும்னேயா? எனக்குத் தெரியல, நல்லவேளை தெரியல. "அவன் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான்." முழுங்கு. வரிக்கு ஒரு தடவை முழுங்க வேண்டியிருக்கு இப்பல்லாம், உள்ள ஒரு நெல்லிக்கொட்டை நிக்கிற மாதிரி. "அவள் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் இலையின் மேல் கையை நீட்டி..." மெத்தை இடுக்குல போன் அதிருது. நாசமாப் போக. பதிவு நின்னுருச்சு. யாருடா இந்த நேரத்துல? பர்வீன்னு காட்டுது. எடுக்கக் கூடாது. குக்கர் வச்சிருக்கேன்னு நினைச்சுக்கட்டும். நேத்துப் பேசுனது போதாதா? ஆனா விடாம அடிக்குது, அவரு முழிச்சுக்குவாரு.

"சொல்லும்மா." ஒரு மாதிரி விறைப்பாத்தான் சொன்னேன், ஒளிக்கத் தெரியல எனக்கு. "அக்கா, காலையில அனுப்புனீங்கல்ல, கடைசிக்கு முந்துன அத்தியாயம், இப்பத்தான் சாப்பாட்டு நேரத்துல கேட்டு முடிச்சேன்"னா. அதானே, மூணு வாய் சோத்துல ஒரு அத்தியாயம் முடிஞ்சிருக்கும். "வேகம் எல்லாம் சரியா இருந்துச்சாம்மா?" குத்தலாத்தான் கேட்டேன். அவ அதைக் கண்டுக்கவே இல்ல. "அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா? உங்களுக்குத் தொண்டையில என்ன?" ஒண்ணும் இல்லையேன்னேன். "இருக்குக்கா." யாரு சொன்னா உனக்கு, குழுவுல இருந்து யாராச்சும் சொன்னாங்களா? நான் யாருகிட்டயும் சொல்லலையே, என் கூடப் பொறந்தவளுக்கே இன்னும் சொல்லலையே. "யாரும் சொல்லலக்கா. வேகமா விட்டாப் பேச்சு சுருங்கிரும், மௌனத்தை ஆப் வெட்டிரும். ஆனா நீங்க எச்சில் முழுங்குறதை அதுக்கு வெட்டத் தெரியாது. டக்கு டக்குன்னு தனியாக் கேக்கும். முன்னாடியெல்லாம் அது இல்ல. ராஜாமணி அம்மாவுக்குக் காய்ச்சல் வர்ற அத்தியாயத்துல இருந்துதான் ஆரம்பிச்சுது. இப்ப வரிக்கு வரி இருக்கு. நேத்தே கேக்கணும்னு இருந்தேன், நீங்க கோவமாப் போனை வச்சுட்டீங்க." ராஜாமணி அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது எப்போ, மழைக்காலத்துல. டாக்டரம்மாவே இந்த மாசம்தானே கண்டுபிடிச்சாங்க. தினம் எதிர்ல உக்காந்து சாப்பிடுற மனுஷனுக்குத் தெரியல. எனக்கே தெரியல. நான் எலிக்குஞ்சு எலிக்குஞ்சுன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன், இந்தப் பொண்ணு பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என் தொண்டைக்குள்ள இருக்கிறதைக் கேட்டுக்கிட்டு வந்திருக்கா.

சொல்லிட்டேன். கட்டி, வெள்ளிக்கிழமை, நரம்பு, எல்லாத்தையும். அழக் கூடாதுன்னு இருந்தேன், அழுதுட்டேன். அதுக்குள்ள உனக்கு முடிச்சுக் குடுத்துரணும்னுதான் இன்னைக்கு உக்காந்திருக்கேன்ம்மா, இன்னும் கடைசி அத்தியாயம்தான் பாக்கி, ராத்திரிக்குள்ள அனுப்பிடுறேன்னேன். "வேண்டாம்க்கா"ன்னா. என்னது வேண்டாம்? "இப்ப வாசிக்காதீங்க. ஆபரேஷன் முடிஞ்சு வந்து வாசிங்க." லூசாடி நீ, அப்புறம் குரல் இருக்குமோ இருக்காதோன்னுதானே இந்தப் புழுக்கத்துல அரிசி மூட்டை மேல உக்காந்திருக்கேன். "அதுக்குத்தான்க்கா சொல்றேன். இப்ப முடிச்சுட்டா அப்புறம் வாசிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேன்னு நீங்க பாட்டுக்குப் படுத்துருவீங்க." ஒரு கதையைப் பஸ்ஸுக்குள்ளயே முழுங்கித் தீக்கிறவ பேசுற பேச்சா இது? ஏன்டி, தம்பிக்காரன் மெஸ்ஸு வாசல்ல வந்து நிக்கிறான்டி, அதோட அந்த அத்தியாயம் முடிஞ்சுபோச்சு, அவன் உள்ள வந்தானா சாப்பிட்டானான்னு உனக்குத் தெரிய வேண்டாமா? "நிக்கட்டும்க்கா. இத்தனை வருஷம் வராதவன்தானே, கொஞ்ச நாள் வாசல்லயே நிக்கட்டும்." எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, மூக்கைச் சிந்திக்கிட்டே சிரிச்சேன். அப்புறம் கேட்டுட்டேன், கேக்கணும்னு நினைக்கல, வாய் தானாக் கேட்டுச்சு: "குரல் திரும்பலேன்னா?" அந்தப் பக்கம் அவளோட பேங்க்ல யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுற சத்தம் கேட்டுச்சு. "கரகரன்னு இருந்தா கரகரன்னே வாசிங்க. நான் வேகத்தைக் குறைச்சு வச்சுக் கேட்டுக்கிறேன்"னா. சரின்னு ஒரு வார்த்தை சொல்றதுக்குக்கூட முழுங்க வேண்டியிருந்துச்சு. முழுங்குனேன். அந்தப் பக்கம் அவ போனை வைக்காம கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா.